கைகாட்டி கேள்வி – பதில்: பச்சை எரிந்தது, பாதை மாறிக் கிடந்தது

(பதில் எழுதுபவர் ஓமந்தைப் பக்கம் வசிக்கும் இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர்)

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வருவது வொறன்ற், சீசன் ரிக்கற், பென்சன் கேள்விகள்தான். போன இதழில் ஒடிசாவின் பஹாநாகா பஜார் ஸ்ரேசனில் 2023 ஜூன் 2ஆம் திகதி கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தடம்புரண்டதைப் பற்றி ஒரு சின்னக் குறிப்புப் போட்டிருந்தேன். 296 பேர் இறந்த விபத்து அது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பென்சனைக் காணவில்லை, எல்லாம் கோச்சி விபத்துத்தான். ஆகவே இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே. எழுதியவர்களில் சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டதால் ஒருவருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: பச்சை விளக்கைப் பார்த்துத்தானே ட்ரைவர் வந்தார்? பச்சை எரிந்தால் பாதை சரியென்றுதானே அர்த்தம்? பிறகு எப்படி இது நடந்தது? (உயர்தர மாணவன், மாங்குளம்)

நீர் நினைப்பது சரி, தம்பி. ட்ரைவர் நினைத்ததும் அதுதான். ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் போகிற அந்த வண்டி பஹாநாகாவில் நிற்பதில்லை. நேர்பாதையால் ஓடிப் போய்விட வேண்டும். சிக்னலும் நேர்பாதைக்குத்தான் பச்சை காட்டியது. மணிக்கு 128 கிலோமீற்றர் வேகம்; அந்தப் பாதையில் அது அனுமதிக்கப்பட்ட வேகந்தான். ஆனால் பொயின்ற், அதாவது வண்டியைப் பாதை மாற்றிவிடும் தண்டவாள நாக்கு, பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. பக்கப்பாதையில் இரும்புத்தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி நின்றது. இரும்புத்தாது அசையாது. மோதிய வேகத்தில் பெட்டிகள் சிதறின. அதே நேரம் மற்றப் பாதையால் ஹவுராவுக்குப் போய்க்கொண்டிருந்த பெங்களூர் வண்டியின் கடைசி இரண்டு பெட்டிகளும் அதற்குள் அகப்பட்டன.

இனி உம்முடைய கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பொயின்ற்றுக்கு ஒரு லீவர், சிக்னலுக்கு ஒரு லீவர். பொயின்ற்றை இழுத்துப் பூட்டாமல் சிக்னல் லீவரைப் பிடித்து என்னதான் இழுத்தாலும் வராது. கீழே இரும்புச் சட்டங்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும். நித்திரைத் தூக்கத்தில் இழுத்தாலும், அவசரத்தில் இழுத்தாலும், மேலதிகாரி பின்னால் நின்று சத்தம் போட்டாலும் வராது. இதற்குப் பெயர் இன்ரலொக்கிங். இப்போது சட்டங்களுக்குப் பதிலாக மின்கம்பியும் றிலே என்ற மின்சுவிச்சும் வந்துவிட்டன. பொயின்ற் எந்தப் பக்கம் கிடக்கிறது என்ற செய்தியைக் கம்பி கொண்டுவந்து கொடுக்கும். செய்தி சரியாக வந்தால்தான் பச்சை விழும்.

பஹாநாகாவில் பொய்ச் செய்தி வந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொல்வதைச் சுருக்கிச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் வீதிக் கடவைக் கேற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்னல் அறையில் ஒரு கம்பி இணைப்பை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதற்கேற்ப அடையாள எழுத்தைத் திருத்தவில்லை. விபத்து நடந்த நாளில் 94ஆம் இலக்கக் கேற்றின் மின்தடுப்பை மாற்றும் வேலை நடந்தது. வந்த ஆட்கள் பழைய எழுத்தை நம்பிக் கம்பியைத் தொடுத்தார்கள். அதன்பிறகு பொயின்ற் எப்படிக் கிடந்தாலும் "நேர்பாதை சரி" என்ற செய்திதான் உள்ளே போனது. இதில் எனக்கு நெஞ்சு பொறுக்காத இடம் ஒன்று இருக்கிறது. பஹாநாகா இருக்கும் அதே கரக்பூர் ரயில்வே பிரிவில் வேறொரு ஸ்ரேசனில் 2022 மே மாதம் கம்பி மாறி இதுபோலவே ஒரு சம்பவம் நடந்திருக்கிறது. அன்றைக்கு ஆள் சாகவில்லை. ஆள் சாகாததால் எல்லா ஸ்ரேசனிலும் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்போதே பார்த்துத் திருத்தியிருந்தால் இது நடந்திருக்காது என்று ஆணையரே எழுதிவிட்டார்.

சிக்னல் கம்பியில் கை வைத்தவன் வேலை முடிந்த பிறகு பொயின்ற்றடிக்குப் போய் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் ஒவ்வொரு பாதையாகப் போட்டுக் காட்ட வேண்டும். பொயின்ற் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் புத்தகத்தில் கையெழுத்து. வெயில் என்பார்கள், வண்டிக்கு நேரமாகிவிட்டது என்பார்கள், வண்டிகளை நெறிப்படுத்தும் கொன்ட்றோல் அறையில் இருந்து ரெலிபோன் மேல் ரெலிபோன் வரும். ஒரு மனுசன் நேரில் போய்ப் பார்க்காமல் வைத்த கையெழுத்துத்தான் பெரிய விபத்து அநேகத்தின் அடியில் கிடக்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றக் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலிலும் இதையே திரும்பவும் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசியில் பிடிபட்டது சின்ன ஆட்கள்தானே ஐயா? அந்தக் காலத்தில் அமைச்சரே பதவி விலகினார் என்கிறார்களே? (ஆசிரியை, புளியங்குளம்)

2023 ஜூலையில் இந்தியாவின் மத்திய புலனாய்வுத்துறையான சீபீஐ பிடித்தது மூன்று பேரை: சிக்னல் பகுதிப் பொறியியலாளர்கள் இருவர், தொழில்நுட்பவியலாளர் ஒருவர். நீங்கள் சொல்லும் அமைச்சர் அப்போது இந்திய ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி. 1956 நவம்பர் 23ஆம் திகதி அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் அரித்துப்போய், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. ஏறக்குறைய 150 பேர் செத்தார்கள். அதற்கு முன்பே அதே வருடம் மகபூப்நகரில் ஒரு விபத்து நடந்து, சாஸ்திரி விலகுகிறேன் என்றார், நேரு விடவில்லை. இரண்டாவது முறை விலகியே விட்டார். (கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் எங்கள் யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் அந்த 1956இல்தான். அப்பா முதல் மாதமே ஏறிப்போய்வந்த பெருமையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.)

பதவி விலகியதைப் பெருமையாகச் சொல்லுகிறோம். நல்ல மனுசன், மறுப்பில்லை. ஆனால் ரீச்சர், மழைக்குள் அந்தப் பாலத்தின் காலடியை யார் போய்ப் பார்த்தது என்ற கேள்விக்கு அமைச்சரின் கடிதத்தில் பதில் இல்லை. மூன்று பேரைக் கைது செய்வதிலும் இல்லை.

தண்டனையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். யப்பானில் அமகசாகி என்ற இடத்தில் 2005 ஏப்ரல் 25ஆம் திகதி ஒரு வண்டி வளைவில் புரண்டு, தண்டவாள ஓரத்துத் தொடர்மாடிக் கட்டடத்துக்குள் புகுந்தது. ட்ரைவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். ட்ரைவருக்கு வயது 23. முந்தின ஸ்ரேசனில் நிறுத்தும் இடம் தாண்டிப் போய்விட்டார், ஒன்றரை நிமிடம் வரை பிந்திவிட்டது. அங்கே பிந்துகிற ட்ரைவரைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்துவதற்கென்றே ஒரு "மறுபயிற்சி" இருந்தது. அதை நினைத்த பதற்றத்தில் 70 கிலோமீற்றரில் எடுக்க வேண்டிய வளைவை 116இல் எடுத்தார். என்னோடு வேலை செய்த பையன்களும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்ற பயத்தில் சின்னப் பிழைகளை மறைத்ததுண்டு. சின்னப் பிழையை வந்து சொன்னவனை முதலில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கேட்டால் அடுத்தவனும் வந்து சொல்லுவான்.

கேள்வி: ரிக்கற் எடுத்துத்தானே ஏறுகிறார்கள். அப்படியிருக்க, இறந்தவர் யாரென்றே தெரியாமல் உடல்கள் கிடந்தது எப்படி? (ஒரு தாய், கிளிநொச்சி)

அம்மா, ஆசனம் பதிந்த பெட்டிகளில்தான் பெயர்ப் பட்டியல் இருக்கும். பதியாத பெட்டி ரிக்கற்றில் பெயர் இல்லை. கோரமண்டலின் அந்தப் பெட்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு போனவர்கள் வங்காளம், பீகார், ஒடிசாவிலிருந்து சென்னைக்கும் கேரளத்துக்கும் கூலிவேலைக்குப் போன பிள்ளைகள். செத்தவர்களில் கனபேர் அவர்கள்தான்.

முதலில் 288 என்றார்கள். இரண்டு நாளில் 275 என்று குறைத்தார்கள், சில உடல்களை இரண்டு தடவை எண்ணிவிட்டார்களாம். பிறகு திரும்பவும் 288, கடைசியில் 296. பள்ளிக்கூட வகுப்பறையில் வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களை முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லச் சொன்னால் யாருக்குத்தான் பிழை வராது? ஒரே உடலைத் தங்களுடையது என்று ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் கேட்டன. பிறகுதான் புவனேஸ்வர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் வைத்து மரபணுச் சோதனை செய்தார்கள். யாரும் கேட்டு வராத 28 உடல்களை நாலு மாதத்துக்கு மேல் வைத்திருந்து, அக்டோபரில் மாநகரசபையே தகனம் செய்தது. தீ மூட்டியவர்களில் தொண்டுக்கு வந்த பெண்களும் இருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகப் பிள்ளைகள் பயந்ததால் கட்டடத்தை இடித்தார்கள்.

எங்கள் நாட்டிலும் இது நடந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலிக்குப் போய்க்கொண்டிருந்த வண்டி பெரலிய என்ற ஊரில் சுனாமிக்குள் அகப்பட்டது. முதல் அலை வந்ததும் உயரமான இடமென்று ஊர்ச்சனமும் அதில்தான் ஏறியது. இரண்டாவது அலை வண்டியையே புரட்டிவிட்டது. 1,700 பேர் வரை என்கிறார்கள், உலகத்தில் வேறெந்த ரயில் விபத்திலும் இவ்வளவு உயிர் போகவில்லை. வண்டிக்குள் இருந்தவர் எத்தனை, ஊரிலிருந்து ஏறியவர் எத்தனை என்று பிரிக்க முடியாது. பாதையை இரண்டு மாதத்துக்குள் சரிக்கட்டி வண்டியை ஓட்டிவிட்டார்கள். புரண்ட மனிற்றோபா என்ற பெயருடைய இன்ஜினையும் திருத்தி எடுத்தார்கள். ஆட்களின் பட்டியல் முழுமையாகவில்லை.

பட்டியலில் பெயர் இல்லாமற்போவதைப் பற்றிக் கிளிநொச்சியில் இருக்கும் ஒரு தாய்க்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. பிள்ளைகள் கொழும்புக்குப் போகும்போது அடையாள அட்டையோடு வீட்டு நம்பரை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுங்கள். போனுக்குள் எல்லாம் இருக்கிறது என்பார்கள். பூட்டின போனை ஆர் திறக்கிறது?

கேள்வி: 1985இல் முறிகண்டிக்குப் பக்கத்தில் யாழ்தேவி தடம்புரண்டபோது நீங்கள் வேலையில் இருந்தீர்களா? (முறிகண்டி வாசகர்)

இருந்தேன், தெற்கே வேறொரு ஸ்ரேசனில். ஜனவரி 19. அது கம்பியின் பிழையோ பாலத்தின் பிழையோ இல்லை, வெடி. சிப்பாய்களும் சாதாரண சனமுமாக முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அரசியலை இந்தப் பக்கத்தில் பேசுவதில்லை என்று ஆசிரியரோடு ஒரு ஒப்பந்தம் இருப்பதால் தொழிலை மட்டும் சொல்லுகிறேன்.

அப்போது ஒற்றைப் பாதையில் ரப்லெட் முறை. இரண்டு ஸ்ரேசனிலும் ஆளுக்கொரு பெட்டி, இரண்டும் கம்பியால் இணைத்தது. ஒரு வட்டத் தகட்டை வெளியே எடுத்தால் அது மற்றப் பக்கத்துப் பெட்டிக்குள் போய்ச் சேரும்வரை இன்னொன்று வராது. தகடு கையில் இல்லாமல் ட்ரைவர் பாதைக்குள் இறங்க மாட்டார். வளையத்தில் கட்டிய தோற்பைக்குள் தகட்டைப் போட்டு, ஓடுகிற வண்டிக்கு எட்டிக் கொடுப்போம். அன்றைக்கு அந்தப் பகுதிக்குரிய தகடு வண்டியோடு நின்றுவிட்டது. தகடு வந்துசேராதவரை பாதை தானாகவே பூட்டுத்தான், ஆரும் வந்து பூட்டத் தேவையில்லை. வடக்கே ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டு ரெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்களுக்கும் தெரியாது. ரெலிபோனை வைத்துவிட்டு மேடைக்கு வந்தால், பிள்ளைகளைக் கூப்பிட வந்த சனம் கேற்றடியில் நின்று என் முகத்தைப் பார்த்தது.

1990 ஜூனோடு யாழ்தேவி வவுனியாவுக்கு வடக்கே போகவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. திரும்ப 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணம். இப்போது ரப்லெட்டும் இல்லை, லீவரும் இல்லை. எல்லாம் கலர் லைற்.

கேள்வி: எந்தப் பெட்டியில் ஏறினால் ஆபத்துக் குறைவு? (வவுனியா)

பஹாநாகாவில் ஒரு வண்டிக்கு முன்பக்கம் அடிபட்டது, மற்ற வண்டிக்குக் கடைசிப் பெட்டிகள். அப்போ நடுப்பெட்டி என்பீர்கள். ஏறுங்கள், ஆனால் அங்கேயும் வாசலில் தொங்கிக்கொண்டு நின்றால் நடுப்பெட்டியும் காப்பாற்றாது.

கேள்வி: வன்னி வெயிலுக்குத் தண்டவாளம் வளையும் என்கிறார்கள். உண்மையா? (கனகராயன்குளம்)

உண்மை. ஒரு கிலோமீற்றர் நீள இரும்பு 30 பாகை சூடேறினால் ஓரடிக்கு மேல் நீளப் பார்க்கும். பழைய பாதையில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டிருந்தோம், "தடக் தடக்" என்ற சத்தம் அதுதான். புதுப்பாதையில் துண்டுகளை ஒட்டவைத்துவிடுகிறார்கள். நீள இடமில்லாத இரும்பைக் கொங்கிறீற் சிலிப்பரும் இரண்டு பக்கத்துச் சல்லியும் அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மழை வெள்ளம் சல்லியை அள்ளிக்கொண்டு போனாலோ, வீடு கட்ட ஆராவது அள்ளிக்கொண்டு போனாலோ, பங்குனி சித்திரை வெயிலில் பாதை பக்கவாட்டில் பாம்பாக நெளியும். சில்லைத் தண்டவாளத்தில் வைத்திருப்பது அதன் உள்விளிம்பில் இருக்கும் ஓரங்குலச் சொச்ச உதடுதான். அது ஏறிவிட்டால் வண்டி கீழே.

பத்துப் பதினைந்து பேர் சம்மட்டியோடும் கம்பிப்பாரையோடும் பாதையில் நடந்து திரிந்த காலம் எனக்குத் தெரியும். இப்போது வண்டியில் போகும்போது எட்டிப் பார்க்கிறேன், அவ்வளவு ஆட்களைக் காணவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கத்துப் பாதை ஓரத்திலிருந்து சல்லி ஏற்றின லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை ஒருநாள் மறித்துக் கேட்டேன். "கொஞ்சந்தானே அய்யா" என்றான். கொட்டிவிட்டுத்தான் போனான், ஆனால் முகம் நல்லாயில்லை.

கேள்வி: யானை மோதினால் வண்டி புரளுமா? (செட்டிகுளம்)

புரளும். 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைக்குப் பக்கத்தில் யானைக்கூட்டத்தில் மோதி வண்டி தடம்புரண்டது. பயணிகளுக்கு ஒன்றுமில்லை. ஆறு யானைகள் செத்தன. இராத்திரியில் உங்கள் பக்கம் வண்டி மெல்லமாகப் போனால் ட்ரைவரைத் திட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஒழுங்கைக் கடவையில் கேற் இல்லை. ஒரு பெடியன் கொடியோடு நிற்கிறான், சில நாள் ஆளில்லை. யாரிடம் சொல்வது? (பரந்தன்)

புகையிரதத் திணைக்களம், பிரதேச செயலகம் இரண்டுக்கும் எழுத்தில் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெடியனில் கோபப்படாதீர்கள். பொலிஸ் ஊடாக எடுத்த தற்காலிகக் காவலாளிகளுக்கு நாளுக்கு 250 ரூபா என்று வருடக்கணக்காகக் கொடுத்துவந்தார்கள். மேசன் கையாளுக்கு இதைவிட எவ்வளவோ கூட. ஒரு வண்டிச் சனத்தின் உயிரை அந்தச் சம்பளத்துக்குக் காவல் காக்கச் சொன்னால், ஒருநாள் வயல் வேலை கிடைத்தால் அவன் போகத்தான் செய்வான்.

இருபத்துமூன்று வருடம் கோச்சி இல்லாமல் வளர்ந்த ஊர் உங்களுடையது. உங்கள் வயதுக்காரருக்கு அந்தத் தண்டவாள மேடு நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் இருந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றி, இரண்டு பக்கமும் பாருங்கள். புதுப்பாதையில் வண்டி சத்தமில்லாமல்தான் வரும்.

கேள்வி: வயலில் நிற்கும்போது கண்முன்னே வண்டி புரண்டால் முதலில் என்ன செய்வது? (மாங்குளம் விவசாயி)

பெட்டிக்கு ஓடுவதற்கு முன்னர் ஒருவரைப் பாதையால் பின்னுக்கு ஓட விடுங்கள், சிவப்புத் துணியோடு. இரவென்றால் ரோச் லைற்றை ஆட்டிக்கொண்டு. கார்ட்டின் முதல் வேலையும் அதுதான்: தண்டவாளத்தில் சின்ன வெடிகளை வைத்துவிட்டு வருவார், அடுத்த வண்டியின் சில்லு ஏறினால் வெடித்து ட்ரைவரை எழுப்பும். பஹாநாகாவில் அதற்குக்கூட ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை, மற்ற வண்டி அந்தக் கணத்திலேயே பக்கத்தால் போய்க்கொண்டிருந்தது.

பிறகு பக்கத்து ஸ்ரேசனுக்குச் சொல்லுங்கள். கிலோமீற்றர்க் கல்லின் இலக்கத்தைச் சொன்னால் போதும், ஆலமரத்தடி கோயிலடி என்று சொன்னால் கொழும்பில் இருக்கிறவனுக்கு விளங்காது. நசுங்கிக் கிடப்பவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பேச்சுக் கொடுங்கள், பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிவையுங்கள். அம்புலன்ஸில் ஏற்றும்போது அந்தத் துண்டைச் சட்டையில் குத்தி விடுங்கள்.

கேள்வி: தண்டவாளத்தில் காசு வைத்தால் கோச்சி கவிழுமா தாத்தா? (5ஆம் தரம், ஓமந்தை)

கவிழாது, அப்பன். காசுதான் தகடாகும். அதை எடுக்க நீ குனிந்து நிற்பதுதான் பயம். பொயின்ற்றுக்குள் கல் வைப்பது வேறு கதை. நாக்கு முழுதாக மூடாது, மூடாவிட்டால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், வண்டி வெளியே நின்று கூவும், பிறகு ஸ்ரேசன் மாஸ்ரர் வெயிலுக்குள் நடந்துவந்து கல்லை எடுத்துவிட்டு வைத்த ஆளைத் தேடுவார். ஒருமுறை ஓமந்தையில் நான் தேடிப் பிடித்த ஆள் உன்னுடைய அப்பாவாக இருக்கவும் கூடும், கேட்டுப் பார்.